குறுக்கே நீட்டிய கை

அவர் என்னை முதன்முதலில் தொட்டது மார்பில்தான். தீயணைப்பு நிலையத்தில் நான் சேர்ந்த வாரம் அது. பயிற்சிக்காக மைதானத்தில் பழைய கீற்றுகளைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். தீ எழும்பியதும் நான் ஓடினேன். சட்டென்று ஒரு இடது கை குறுக்கே வந்து என் நெஞ்சில் அடித்த மாதிரி விழுந்தது.

"இருங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

எனக்குத் தெரியவில்லை.

"தெரியாம எங்க ஓடறீங்க?"

நான் அதற்கு முன் லாரி ஷெட்டில் வேலை பார்த்தவன், கல்யாணமானவன். பத்துப் பேர் முன்னால் இப்படித் தடுத்தது எனக்கு அவமானமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்தக் கைக்குத் தப்பியவர்கள் நிலையத்தில் யாருமே இல்லை என்று. ஸ்டேஷன் ஆபீசரையே ஒரு முறை தடுத்திருக்கிறார். எங்களுக்கு அவர் லீடிங் ஃபயர்மேன், அதாவது வண்டியில் போகும் குழுவுக்குத் தலைவர். முதுகுக்குப் பின்னால் 'ரயில்வே கேட்' என்று சொல்வோம். மொரப்பூர் கேட்டில் வண்டி போகிறவரை நிற்க வேண்டியதுபோல, இவர் கை இறங்கினால் அது தானாக ஏறும்வரை நின்றாக வேண்டும்.

ஒல்லியான உடம்பு. பேச்சு குறைவு. நகரும் பஸ்ஸில் ஏறியவரில்லை. ஏணியைச் சாத்தினால் முதலில் ஏணியைப் பார்க்க மாட்டார், அது நிற்கும் மண்ணைக் காலால் மிதித்துப் பார்ப்பார். சுவர் ஏறுகிற பயிற்சியில் யாராவது வேகம் காட்டினால் இறங்கச் சொல்லிவிடுவார். "தீ இங்கதான் இருக்கும். நம்மதான் ஒரு தடவ போனா வரமாட்டோம்" என்பார். இதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார். நாங்கள் சிரிப்போம்.

டிரைவர் பாயின் மகளுக்கு மொரப்பூரில் நிக்காஹ் நடந்தது. நிலையத்தில் டியூட்டியில்லாத எல்லோரும் போயிருந்தோம். கீற்றுப் பந்தல், ஓரத்தில் பிரியாணி அடுப்பு, மூங்கிலில் தொங்கும் பெட்ரோமாக்ஸ். அவர் வந்ததும் பெட்ரோமாக்ஸைக் கழற்றித் தள்ளி மாட்டினார். அடுப்புப் பக்கம் இரண்டு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, சமையல் முடியும்வரை அங்கேயே நின்றார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து கேட்டார்.

"அந்த ஆளு யாருங்க? அப்பலருந்து அடுப்பையே பாத்துகிட்டு நிக்கறாரே, பசியா?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பாய் மட்டும் சிரிக்கவில்லை. பாய் ஒருவர்தான் அவரோடு முன்பு வேறொரு நிலையத்தில் வேலை செய்தவர்.

காரணத்தை பாய்தான் ஒரு நாள் வண்டிக்கு ஆயில் ஊற்றிக்கொண்டே சொன்னார். அன்று காலை விளக்குப் பாடம் நடந்திருந்தது. பாழடைந்த கிணற்றிலோ குழியிலோ ஆள் இறங்குவதற்கு முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி விட வேண்டும். அணைந்தால் உள்ளே மூச்சுக்கு ஆகாத காற்று, எரிந்தால் இறங்கலாம். பயிற்சியில் சொல்லிக் கொடுப்பது அதுதான். அவரும் அதையே சொன்னார். சொல்லி முடித்து விளக்கை மேலே இழுத்து ஊதி அணைத்துவிட்டு, "இது எரியுதுன்னு மட்டும் நம்பி எறங்கிடாதீங்க" என்றார். விதியையும் சொல்லிவிட்டு அதை நம்பாதே என்றும் சொன்னால் எப்படி? நான் பாயிடம் கேட்டேன்.

"முன்ன இருந்த ஸ்டேஷன்ல ஒரு கெணறுப்பா" என்றார் பாய். "உள்ள ஆயில் எஞ்சின் வெச்ச கெணறு. வெளக்கு விட்டாரு, நல்லா நின்னு எரிஞ்சுது. எறங்குன்னாரு. புதுசா சேந்த பையன் ஒருத்தன் எறங்கினான். பாதி போனவனுக்கு கயிறு தொய்ஞ்சு போச்சு. இழுத்தப்ப பொணமா வந்தான்."

"விளக்கு எரிஞ்சுதே?"

"எஞ்சின் பொகையில ஒரு வெசம் இருக்காம். அதுக்கு வெளக்கு அணையாதாம். மோந்தாலும் தெரியாதாம். பின்னால வந்த டாக்டர் சொன்னாரு. விசாரணையில இவரு மேல தப்பே இல்லன்னு எழுதிட்டாங்க. விதிப்படி செஞ்சாருன்னு." பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த எழுத்துதான் அவர இப்பிடி ஆக்கிடுச்சு. தப்புன்னு எழுதியிருந்தா கூட தேவலாம்."

அவர் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லையென்றால் சலவை வேட்டி கட்டிக்கொண்டு பூசைக்குப் போவார். ஆனால் கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, நன்மை வாங்க, அதாவது சாமியார் கொடுக்கும் அப்பத்தை வாங்க, எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது இவர் மட்டும் வெளியே வந்து மரத்தடியில் நிற்பாராம். வருஷக்கணக்காக அப்படித்தான் என்று அந்தக் கோவிலுக்குப் போகிற ஒரு கான்ஸ்டபிள் சொன்னார். எனக்கு அதன் அர்த்தம் அன்று புரியவில்லை. பாய் சொன்னதற்குப் பிறகு கொஞ்சம் புரிந்தது. மனசில் பாவம் இருக்கிறவர்கள் அதை வாங்கக் கூடாதாம்.

அந்த வருஷங்களில் மழை சரியாக இல்லை. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் கீழே போகப் போக, மேலே இருந்த ஆயில் எஞ்சின்களை உள்ளே மேடை வெட்டி இறக்கினார்கள். மேலிருந்து அவ்வளவு ஆழத்துத் தண்ணீரை எஞ்சினால் இழுக்க முடியாது. ஒவ்வொரு கோடைக்கும் மேடை இன்னும் கீழே போகும். எஞ்சின் விடும் புகையும் அங்கேயே தங்கும்.

ஏரியூர்ப் பக்கம் ஒரு வைக்கோல் போரை அணைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். ரோட்டின் நடுவில் ஒருவர் துண்டை வீசிக்கொண்டு நின்றார்.

"கெணத்துக்குள்ள ஆளு வுழுந்து கெடக்குதுங்க. சீக்கிரம் வாங்க."

வண்டி காட்டுக்குள், எங்கள் பக்கத்தில் விளைநிலத்தை அப்படித்தான் சொல்வோம், போனது. கிணற்றைச் சுற்றி ஊர் நின்றிருந்தது. எட்டிப் பார்த்தேன். நல்ல ஆழம். அடியை ஒட்டின மேடையில் எஞ்சின் ஓடி நின்றுபோயிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு ஆள் குப்புறக் கிடந்தார். எஞ்சினைப் பார்க்க இறங்கியவர் ஏறி வரவில்லை என்றார்கள். தூக்கப் போன பக்கத்துக் காட்டுக்காரர் பாதிப் படியிலேயே தலை சுற்றித் திரும்பி, புங்கமரத்தடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

விழுந்தவரின் தம்பி, பதினெட்டு இருபது வயதிருக்கும், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியை நோக்கி வந்தான். அவனுக்குப் பின்னால் அண்ணி, இடுப்பில் குழந்தையோடு. நான் என் இடுப்பில் கயிற்றை முடிந்துகொண்டிருந்தேன். அவர் எங்கள் இருவருக்கும் குறுக்கே கையை நீட்டினார்.

"இருங்க."

"எங்கண்ணன்ங்க. வுடுங்க."

"இருங்க."

விளக்கை விட்டார். மேடைவரை போய் அது ஆடாமல் எரிந்தது. கூட்டத்தில் ஒருவர், "வெளக்குதான் எரியுதே, இன்னும் என்னங்க பாக்கறீங்க" என்றார். "எரியும். இருங்க" என்றார் இவர். எங்கள் வண்டியில் முகமூடியும் காற்று உருளையும் கிடையாது. அவை வெளியூரிலிருந்து வர வேண்டும். தண்ணீர் இருந்தால் மழைபோல உள்ளே பீய்ச்சிக் காற்றைக் கலைக்கலாம். டாங்கை வைக்கோல் போரில் காலி செய்துவிட்டு வந்திருந்தோம்.

"கெளைய வெட்டுங்க. குடத்துல தண்ணி கொண்டாங்க" என்றார். பாயும் மற்றவர்களும் ஓடினார்கள். அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது.

சின்னச் சத்தம்தான். கிணற்று விளிம்பில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கிற சத்தம். என் நெஞ்சின் மேலிருந்த அவர் கை விலகவில்லை. தம்பிக்காரன் அந்தக் கையைத் தட்டிவிட்டுத் திமிறினான். நான் திமிறவில்லை. கயிறு இடுப்பில் தயாராக இருந்தது. எனக்குள் ஒரு நிம்மதி பரவியதை மறைத்துப் பயனில்லை. போகாததற்கு எனக்கு ஒரு கை கிடைத்திருந்தது.

உள்ளே காற்றைக் கலைக்கப் புங்கங்கிளைகளைக் கயிற்றில் கட்டி இறக்கி இறக்கி இழுத்தோம். குடம் குடமாகத் தண்ணீரைச் சுவரோரம் சிதற ஊற்றினோம். அவ்வளவு நேரமும் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். பிறகு அவர் என் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். "கயிறு தொய்ஞ்சா கேள்வி கேக்காம இழுங்க. பின்னால யாரும் வரக்கூடாது" என்று சொல்லி இறங்கினார். ஆளைக் கட்டி மேலே அனுப்பிவிட்டுத் தானும் ஏறி வந்தார். வந்ததும் முட்டிபோட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

மேலே வந்தவரின் உடம்பில் சூடு இருந்தது. உயிர் இல்லை.

தம்பிக்காரன் கத்தவில்லை. அவர் எதிரில் வந்து குனிந்து நின்று கேட்டான். "இப்ப எறங்கினீங்க இல்ல? செத்தா போயிட்டீங்க? அப்பவே எறங்கறதுக்கு என்னங்க?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்தார். இறந்தவரின் தாய் ஒரு பிடி மண்ணை அள்ளி எங்கள் வண்டியின் மேல் தூற்றினார்.

இந்த முறையும் விசாரணை நடந்தது. இந்த முறையும் விதிப்படி நடந்துகொண்டதாக எழுதினார்கள். குழுவில் யாருக்கும் சேதமில்லாமல் வேலை முடித்ததற்கு ஆபீசர் அணிவகுப்பில் அவரைப் பாராட்டிப் பேசினார். அவர் விறைப்பாக நின்றபடி கேட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் பார்த்தேன், வண்டிக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து ஒரு கயிற்றைப் பிரித்துப் பிரித்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "முதல்லயே விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாருக்குங்க தெரியும்" என்றேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். "அதான் தம்பி" என்றார். "ஒரு தடவ விட்டன். ஒரு தடவ விடல. ரெண்டுலயும் ஆளு போச்சு." அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் நிலையத்துக்கு வந்தாள். மத்தியானம். பஸ்ஸில் வந்து இறங்கி நடந்திருக்கிறாள். இடுப்பில் அதே குழந்தை. நானும் அவரும் மட்டும் முன்னறையில் இருந்தோம். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேங்க. நீங்க வந்தப்ப அவுருக்கு உசுரு இருந்துச்சுங்களா?"

நான் முந்திக்கொண்டேன். "இல்லம்மா. நாங்க வர்றதுக்கு முன்னாலயே போயிருச்சு. மனச ஒழப்பிக்காதீங்க."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "இருந்துச்சும்மா" என்றார். "மொனகினாரு. எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் நான்தான் யாரையும் விடல."

எனக்குக் காது சுட்டது. அவள் அவரைப் பார்த்துக்கொண்டே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் கேட்டுச்சுங்க."

குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "கொழுந்தன் உங்க கையத் தட்டிவுட்டுட்டு ஓடப் பாத்தான் இல்லைங்களா? உங்களால அவன நிறுத்தியிருக்க முடியாது. பின்னாலருந்து அவன் வேட்டிய நான் புடிச்சிகிட்டு இருந்தேன். ஒரு கையில இவ, ஒரு கையில அவன் வேட்டி. அவனுக்குத் தெரியாது. நீங்கதான் புடிச்சீங்கன்னு நெனச்சிகிட்டு இருக்கான்."

"இவனும் போயிட்டா மாமியாள யாரு பாக்கறது, என்னை யாரு பாக்கறது, இந்தக் காட்ட யாரு ஓட்டறதுன்னு தோணுச்சுங்க. அங்க புருசன் மொனகிகிட்டு கெடக்கறாரு. நான் மேல நின்னு இத யோசிச்சிகிட்டு இருக்கறேன்." அழாமல்தான் சொன்னாள். "வூட்ல தெனமும் உங்கள சபிக்கறாங்க. ஊரே சொல்லுது, அந்த ஆளு கைய நீட்டி நின்னே சாவடிச்சிட்டான்னு. நானும் கூட உக்காந்து கேட்டுகிட்டு இருக்கறேன். சோறு எறங்கலைங்க."

"நீங்க புடிக்கலன்னா இன்னொரு உசுரும் போயிருக்கும்மா" என்றார் அவர்.

"அது உங்களுக்கு நிச்சயமாத் தெரியுங்களா?"

தெரியும் என்று அவர் சொல்ல வேண்டுமே என்று நான் பதைத்தேன்.

"தெரியாதும்மா" என்றார்.

அவள் தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்கு எப்படியோ போதுமானதாக இருந்தது. "இன்னிக்குப் போயி எல்லாருக்கும் சொல்லிடலாம்னு இருக்கறேங்க" என்றாள்.

அவர் அவசரப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பெஞ்சின் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "சொல்லாதீங்க. வேண்டாம். எனக்கு மாத்தல் வரும், நான் போயிருவேன். நீங்க அங்கதான் இருக்கணும். அந்தப் பையன் மொகத்துல தெனம் முழிக்கணும். அந்த ஆயாவுக்குச் சோறு போடணும். அவங்களுக்குத் திட்ட ஒரு ஆளு வேணும். அது நானா இருந்துட்டுப் போறேன்."

"உங்க பேரு கெட்டுப் போவுதேங்க."

"என் பேருல ஒண்ணும் இல்லம்மா. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

அவள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எழுந்துகொண்டாள். அவர் பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனார். திரும்பி வந்து என்னிடம், "எதுக்குப் பொய் சொன்னீங்க?" என்று கேட்டார்.

"உங்களுக்காகத்தான்."

"எனக்காக வேண்டாம்."

"இப்ப அந்தம்மாவ நீங்க சொல்ல வேண்டாம்னு சொன்னது மட்டும் என்னங்க?"

"பொய் சொல்லச் சொல்லல. சொல்லாம இருக்கத்தான் சொன்னேன்" என்றார். எனக்கு வித்தியாசம் விளங்கவில்லை. உள்ளே போகும்போது அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் விளங்கின மாதிரி தெரியவில்லை.

அடுத்த வருஷம் அவரே கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அங்கிருந்து ஓய்வு பெற்றார் என்று கேள்விப்பட்டேன். பிறகு இறந்தார் என்று பாய் வந்து சொன்னார். நுரையீரல் கோளாறு. போய்ப் பார்க்கலாம் என்று நானும் பாயும் பேசிக்கொண்டோம். போகவில்லை. அவர் எந்த ஊரில் அடக்கமானார் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

அதற்கு அடுத்த கோடையில் அதே ஊரிலிருந்து அழைப்பு வந்தது. கூரை வீடு ஒன்று பற்றிக்கொண்டது. அதற்குள் நான் குழுத் தலைவனாகியிருந்தேன். பெரிய சேதமில்லாமல் அணைத்தோம். ஊர்க்காரர்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து உதவினார்கள். ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்தார்.

"நீங்களாச்சும் வந்த ஒடனே எறங்கினீங்க. முன்ன ஒருத்தன் வந்தான் பாருங்க, கைய நீட்டிகிட்டு நின்னே ஒரு ஆள சாவடிச்சிட்டுப் போனான்."

அவருக்குப் பின்னால் மீசை வைத்த ஒருவன் குடத்தைக் கீழே வைத்தான். அந்தத் தம்பிதான். "நான் எறங்கியிருப்பேன்" என்றான். "எங்கண்ணன் இன்னிக்கு இருந்திருக்கும். வுடல அந்தாளு. புடிச்சா அப்பிடி ஒரு புடி, இன்னும் இடுப்புல இருக்குது."

அண்ணி நாலு அடி தள்ளி நின்றிருந்தாள். தலையில் லேசாக நரை. பக்கத்தில் பாவாடை சட்டையில் ஒரு சிறுமி. அண்ணி என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரிந்தது. உண்மை என் வாய்வரை வந்தது. அவர் கேட்டுக்கொண்டதற்காகச் சும்மா இருந்தேனா, அவள் முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்தேனா, அல்லது எனக்கே பேசத் தைரியமில்லையா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஹோஸைச் சுருட்டி முடித்தேன்.

வண்டி கிளம்பும் நேரத்தில் அவள் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்தாள். நான் குடிக்கும்வரை காத்திருந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அவுரு எப்பிடி இருக்காருங்க?"

"நல்லா இருக்காரும்மா" என்றேன்.

"நல்லா இருக்கட்டுங்க" என்று சொல்லி, சொம்பை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.